சுடறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது சண்டை!

இந்த வார மேட்டர்ல கொஞ்சம் வெடிச்சத்தம் கேட்கும். பக்கத்துல அப்பா, அம்மா யாராவது இருந்தா 'கணக்குக் கட்டுரை படிக்கிறேன்'னு சொல்லிக்கங்க. பொய்யில்லை, நடுவுல நிஜமாவே கணக்கு வருது.

'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' சத்தம் கேட்காத ஹாஸ்டல் உண்டா? அந்தப் பக்கம் அஞ்சு பேர், இந்தப் பக்கம் அஞ்சு பேர். ஒரு டீம் குண்டு வைக்கணும், இன்னொரு டீம் அதைத் தடுக்கணும். ஒரு ரவுண்டுக்கு 1 நிமிஷம் 55 விநாடி. 1999-ல மின் லே, ஜெஸ் கிளிஃப்னு ரெண்டு காலேஜ் பசங்க 'ஹாஃப் லைஃப்' கேமை எடுத்து, அதுமேல சும்மா ஆசைக்குக் கட்டினதுதான் இது. 2000-ல வால்வ் கம்பெனி அதைக் கடைக்கே கொண்டு வந்துச்சு. 2003-ல வந்த 1.6, பிரவுசிங் சென்டர்களைக் குத்தகைக்கு எடுத்துடுச்சு. 2023 செப்டம்பர்ல வந்தது 'சிஎஸ் 2'.

இத்தனை வருஷத்துல மேப் மாறியிருக்கு, துப்பாக்கி விலை மாறியிருக்கு. மாறாதது ஒரே ஒரு புலம்பல்தான். 'எனக்கு ரிஃப்ளெக்ஸ் பத்தலடா மச்சி!'

ஸாரி மச்சி. பிரச்னை உன் ரிஃப்ளெக்ஸ்ல இல்ல. சுடறதுக்கு முன்னாடி நீ எங்க நின்ன, எங்க பார்த்த, என்ன கேட்ட... சண்டை அதுலயே முடிஞ்சுடுது. க்ளிக் பண்றது கடைசியில போடற கையெழுத்து மாதிரிதான்.

கால் விநாடிக் கணக்கு

நம்பாதவங்க பேப்பர், பேனா எடுங்க. கண்ணுல ஒண்ணு பட்டு, மூளைக்குப் போய், விரல் அமுங்கறதுக்கு சராசரி மனுஷனுக்கு 200-லேர்ந்து 250 மில்லி செகண்ட் ஆகும். தோராயமா கால் விநாடி. ஏகே-47 தூக்கிட்டு ஓடுற ஆளோட வேகம், கேம் கணக்குல விநாடிக்கு 215 யூனிட். அப்போ கால் விநாடியில அவன் சுமார் 54 யூனிட் நகர்ந்திருப்பான். அவன் உடம்போட அகலமே 32 யூனிட்தான்!

அதாவது, 'ஆ, எதிரி!'னு பார்த்து நீங்க க்ளிக் பண்றதுக்குள்ள அவன் ஒன்றரை ஆள் அகலம் தள்ளிப் போயிட்டான். அவன் ஏற்கெனவே உங்களைக் குறிவச்சு நிக்கிறான்னா, விநாடிக்கு 10 புல்லட் துப்பற ஏகே-லேர்ந்து ரெண்டு மூணு வெளியே வந்தாச்சு. தலையில ஒண்ணு பட்டாப் போதும், ஹெல்மெட் போட்டிருந்தாலும் கதை முடிஞ்சுது.

கிரிக்கெட்ல 140 கி.மீ. வேகத்துல வர்ற பந்து அரை விநாடிக்குள்ள பேட்ஸ்மேன்கிட்ட வந்துடுது. பந்து பாதி தூரம் வந்தப்புறம் யோசிச்சா ஸ்டம்ப் பறக்கும். நல்ல பேட்ஸ்மேன் பவுலரோட மணிக்கட்டைப் பார்த்தே பாதி முடிவு எடுத்துடறார். நாமளும் அதைத்தான் செய்யணும். எப்படி? வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. தரையில காசு தேடாதீங்க

புதுசா ஆடறவங்களைக் கவனிங்க. நடக்கும்போது குறி தரையைப் பார்த்துட்டே போகும், கீழே விழுந்த எட்டணாவைத் தேடற மாதிரி. எதிரி வந்ததும் குறியை மேலே தூக்கி, பக்கத்துல நகர்த்தி, நிறுத்தி, அப்புறம் சுடணும். நாலு வேலை! குறி எப்பவும் தலை உயரத்துல இருந்தா மிச்சம் ஒரே வேலைதான்.

உயரம் மட்டும் போதாது, இடமும் முக்கியம். 'டஸ்ட் 2' மேப்ல லாங் ஏ கதவைத் தாண்டி வெளியே வர்றீங்கன்னு வச்சுக்கங்க. எதிரி நிக்கக்கூடிய இடம் என்ன ஆயிரமா இருக்கு? குழி, கார் பக்கம், தூரத்துல ஏ சைட் மேடு. ஒவ்வொரு அடிக்கும் ஒரு இடம்னு குறியை நகர்த்திட்டே போங்க. அவன் குறிக்கு நேரா வந்து நிக்கணும். நாம அவனைத் துரத்தக்கூடாது.

2. ஓடிக்கிட்டே சுடறது சினிமாவுல மட்டும்

நம்ம ஹீரோக்கள் ஜீப்புல தொங்கிக்கிட்டே பத்துப் பேரைச் சாய்ப்பாங்க. இங்க ஓடிக்கிட்டே ஏகே-யால சுட்டா புல்லட் எங்க போகும்னு அந்தப் புல்லட்டுக்கே தெரியாது. உங்க வேகம் சுமார் மூணுல ஒரு பங்குக்கும் கீழ இறங்கணும், அப்பதான் குறி தெளிவாகும்.

கீயை விட்டுட்டா மட்டும் உடனே நிக்க மாட்டீங்க. பஸ்ல டிரைவர் ஆக்ஸிலரேட்டரை விட்டா வண்டி கொஞ்சம் உருளுமே, அதே கதைதான். பிரேக் போடணும். இடது பக்கம் 'ஏ' கீயில போயிட்டிருந்தா, அதை விட்டுட்டு 'டி' கீயை ஒரு தட்டுத் தட்டுங்க. டக்குனு நிப்பீங்க. அந்த நொடியில சுடுங்க. தட்டு, சுடு, நகரு. இது விரல்ல ஊறிப்போகணும்.

இன்னொண்ணு, தூரத்துல இருக்கறவன் மேல முப்பது புல்லட்டையும் ஒரே மூச்சுல கொட்டாதீங்க. ஏகே முதல்ல மேலே தாவும், அப்புறம் பக்கவாட்டுல ஆடும். ரெண்டு மூணு சுட்டு நிறுத்தி, மறுபடி ரெண்டு மூணு. கிட்டத்துல வந்தாத்தான் மௌஸைக் கீழே இழுத்துக்கிட்டே கொட்டலாம்.

3. சுவரைக் கட்டிப் பிடிக்காதீங்க

ஒரு மூலை. நீங்க அதை ஒட்டி நிக்கிறீங்க. எதிரி அந்தப் பக்கம் தூரமா நிக்கிறான். நீங்க எட்டிப் பார்க்கறீங்க. யார் யாரை முதல்ல பார்ப்பாங்க?

அவன்தான். கண் தலையோட நடுவுல இருக்கு, தோள் ஓரத்துல இருக்கு. மூலைக்குப் பக்கத்துல இருக்கிறவரோட கண் வெளியே வர்றதுக்கு முன்னாடியே தோள் வெளியே நீட்டிக்கும். தூரத்துல இருக்கிறவனுக்கு அந்தத் தோள் நல்லாத் தெரியும். பத்தாவதுல படிச்ச வடிவொத்த முக்கோணம் ஞாபகம் இருக்கா? அதேதான். அதனால மூலையை விட்டு ரெண்டு அடி தள்ளி நின்னு, கேக் வெட்டற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா திறந்து பாருங்க.

எட்டிப் பார்க்கறவனுக்கு இன்னொரு லாபமும் இருக்கு. அவன் வெளியே வந்த செய்தி சர்வர் வழியா உங்க ஸ்க்ரீனுக்கு வர்றதுக்குள்ள சில பத்து மில்லி செகண்ட் ஓடிடும். பிங் ஏற ஏற இந்த இடைவெளியும் ஏறும். அதனால ஒரே இடத்துல வேரூன்றி உட்கார்ந்து காவல் காக்காதீங்க. ஒருத்தனைச் சுட்டாச்சா? உடனே இடத்தை மாத்துங்க. அடுத்தவன் உங்க பழைய முகவரிக்குத்தான் வருவான்.

4. காதைக் கழட்டி வைக்காதீங்க

ஒரு காதுல பாட்டு, ஒரு காதுல கேம்னு ஆடறவங்க பாதிக் கண்ணை மூடிக்கிட்டு ஆடற மாதிரி. ஓடினா காலடிச் சத்தம் கேட்கும், ஷிஃப்ட் அமுக்கி நடந்தா கேட்காது. இந்த ஒரு விதியில பாதி ஆட்டம் அடங்கியிருக்கு. எதிரி ஓடி வர்றது கேட்டா கால் விநாடி என்ன, மூணு விநாடி முன்னாடியே தயாராகலாம். எதிரிக்கும் காது இருக்குங்கறதை மறந்துடாதீங்க. சைட்டுக்குப் பக்கத்துல போனதும் ஷிஃப்ட்!

5. கபடி ஆடுங்க

கபடியில ரெய்டரை ஒத்தை ஆளாப் போய்ப் பிடிச்சா என்ன ஆகும்? இழுத்துட்டுப் போயிடுவான். கை கோத்துப் பிடிச்சா அமுங்கிடுவான். இங்கேயும் ரெண்டு ரெண்டு பேரா போங்க. முன்னால போறவர் விழுந்தா, அடுத்த நொடியே பின்னால வர்றவர் அந்த எதிரியைச் சாய்க்கணும். ஒண்ணுக்கு ஒண்ணு. அஞ்சு பேரும் அஞ்சு திசையில போய் ஒவ்வொருத்தரா பல்பு வாங்கினா அதுக்குப் பேர் டீம் இல்ல, கூட்டம்.

6. மெஸ் பில் மாதிரி சேர்ந்து கட்டுங்க

முதல் ரவுண்டுல கையில 800 டாலர். ஏகே விலை 2,700, ஹெல்மெட்டோட கவசம் 1,000, ஸ்மோக் 300, ஃப்ளாஷ் 200. மொத்தம் 4,200. டீம்ல மூணு பேர்கிட்ட காசே இல்லாதப்ப ஒருத்தர் மட்டும் கெத்தா 4,750 கொடுத்து ஸ்னைப்பர் வாங்கினா, அந்த ரவுண்டும் போச்சு, ஸ்னைப்பரும் போச்சு. சேமிச்சா அஞ்சு பேரும் சேமிங்க, வாங்கினா அஞ்சு பேரும் வாங்குங்க.

குண்டு வச்சப்புறமும் கணக்குதான். 40 விநாடியில வெடிக்கும். செயலிழக்க வைக்க 10 விநாடி. 400 டாலர் கிட் இருந்தா 5 விநாடி. கிட் இல்ல, மிச்சம் 10 விநாடிகூட இல்லைன்னா ஹீரோயிசம் வேண்டாம். துப்பாக்கியைக் காப்பாத்திக்கிட்டு ஓடுங்க. துப்பாக்கி விலை அப்படியே மிச்சம்.

7. மைக்கும் ஆயுதம்தான்

'டேய் டேய் அங்கடா, அங்கதான்டா!' இது தகவல் இல்ல, ஒப்பாரி. 'லாங்ல ரெண்டு பேர், ஒருத்தனுக்கு 80 அடிச்சிருக்கேன்.' இதுதான் தகவல். எங்க, எத்தனை பேர், எவ்வளவு அடி. அவ்வளவுதான். கடைசி ஆள் ஒருத்தர் மூணு பேரை எதிர்த்து நிக்கும்போது செத்தவங்க எல்லாரும் வாயை மூடுங்க. அவருக்குக் காலடிச் சத்தம் கேட்கணும்.

மைக்ல திட்டறது பத்தியும் ஒரு வார்த்தை. தப்புப் பண்ணின அஞ்சாவது ஆளைத் திட்டினா அடுத்த ரவுண்டுல அவர் வாயைத் திறக்க மாட்டார். எதிரி அவர் பக்கம் வந்தாலும் சொல்ல மாட்டார். நஷ்டம் யாருக்கு? மைக்ல ஒரு பெண் குரல் கேட்ட உடனே வழியறது, கிண்டல் அடிக்கிறது... இதனாலயே மைக்கை அணைச்சுட்டு ஆடற பொண்ணுங்க எத்தனையோ பேர். அப்படி ஒருத்தர் உங்க டீம்ல இருந்தா நீங்க அஞ்சு பேர் இல்ல, நாலரை பேர்தான். அந்த அரையைக் குறைச்சது எதிரி இல்ல, நீங்க.

அப்பாகிட்ட மானிட்டர் கேட்கறதுக்கு முன்னாடி...

60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். 144 ஹெர்ட்ஸ்ல சுமார் 7. லாபம் சுமார் 10 மில்லி செகண்ட். படம் வழுக்கிட்டு ஓடும், பார்க்க நல்லாத்தான் இருக்கும், மறுக்கலை. ஆனா குறியைச் சரியான இடத்துல வச்சா மிச்சமாகிறது நூறு, இருநூறு மில்லி செகண்ட். அதுக்குப் பைசா செலவில்லை. செமஸ்டர் ஃபீஸ் கட்டற வீட்டுல எதை முதல்ல கேட்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. மௌஸ் சென்சிட்டிவிட்டியையும் தினம் ஒரு நம்பருக்கு மாத்தாதீங்க. கை பழகறதுக்கு ஒரே நம்பர்ல சில வாரமாவது வேணும்.

தோத்துக்கிட்டிருக்கும்போது

2016-ல அமெரிக்காவோட கொலம்பஸ் நகரத்துல நடந்த மேஜர் போட்டி. அரையிறுதியில பிரேசில் வீரர்கள் ஆடின லுமினாசிட்டி டீம், 'மிராஜ்' மேப்ல 9-15-னு பின்தங்கி நிக்குது. இன்னும் ஒரு ரவுண்டு போனா அந்த மேப் காலி. அந்த நேரத்துல கோல்ட்ஸெரா, பி சைட்ல குதிச்சுக்கிட்டே ஸ்னைப்பரால சுட்டு, நாலு பேரைச் சாய்ச்சார். கடைசியில 19-15-னு அந்த மேப்பை ஜெயிச்சு, அப்புறம் கோப்பையையும் தூக்கினாங்க. அந்தச் சுவர்ல அதோட ஞாபகமா ஒரு ஓவியமே வரைஞ்சு வச்சுது வால்வ்.

நம்மாளு என்ன பண்றார்? இந்தக் கதையைக் கேட்டுட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு நாலாவது மேட்ச் தோத்தும் 'இன்னும் ஒண்ணு மச்சி'ங்கிறார். ஒரு மேட்ச்சுக்குள்ள விடாம நிக்கிறது வீரம். தூங்காம அடுத்தடுத்து ஆடறது வீரம் இல்ல. தூக்கம் கெட்டா அந்தக் கால் விநாடியும் நீளும், கோபமும் கூடும். தொடர்ந்து ரெண்டு மேட்ச் தோத்தா கடையைச் சாத்துங்க. காலையில எட்டரை மணி லேபுக்கு ரெஸ்பான் கிடையாது.

இந்த வார ஹோம்வொர்க்

தினம் இருபது நிமிஷம் போதும். பத்து நிமிஷம் பாட்களோட, தலை மட்டும்தான் இலக்கு. பத்து நிமிஷம் டெத்மேட்ச், தட்டி நின்னு சுடறது மட்டும்தான் பயிற்சி. ஸ்கோரைப் பார்க்கவே பார்க்காதீங்க.

அப்புறம், நீங்க தோத்த ஒரு மேட்ச்சோட ரெக்கார்டிங்கை எடுத்துப் போடுங்க. நீங்க விழற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விநாடி முன்னாடி நிறுத்துங்க. குறி எங்க இருக்கு? கால் ஓடுதா, நிக்குதா? பின்னால துணைக்கு ஆள் இருக்காரா? மூணு கேள்விதான். பதிலை நோட்டுல எழுதி வைங்க.

அடுத்த வாரம்: தோசைக்கல்லு மாதிரி கொதிக்கிற லேப்டாப்பைக் குளிர வைக்கிறது எப்படி? ஸ்க்ரூ டிரைவரோட ரெடியா இருங்க!