சுவரில் மோதும் கணக்கு

அமெரிக்கப் பள்ளிகளில் வடிவியல் பாடத்துக்கு மினி கோல்ஃப் தளம் செய்யச் சொல்வது வழக்கம். இருவருக்கு ஒரு தளம் என்று வைத்துக்கொள்வோம். அட்டை, பலகை, பச்சை விரிப்பு. நேராக அடித்தால் பந்து குழிக்குள் போகக் கூடாது; பக்கச் சுவரில் மோதித் திரும்பித்தான் போக வேண்டும். எந்த இடத்தில் மோதுவது? சுவரைக் கண்ணாடியாக எண்ணி, குழியின் பிம்பத்தை மறுபுறம் குறித்து, பந்திலிருந்து அதற்கு நேர்கோடு இழுக்க வேண்டும். கோடு சுவரை வெட்டும் புள்ளிதான் இலக்கு. கேரம் ஆடியவர்களின் விரலுக்கு இது எப்போதோ தெரியும். ஆனால் குறைந்தது 42.67 மி.மீ. விட்டமுள்ள கோல்ஃப் பந்து ஒரு புள்ளி அல்லவே! அதன் மையம் சுவருக்கு ஓர் ஆரம் முன்னாலேயே திரும்பிவிடுகிறது. போதாக்குறைக்கு உருளும்போது வரும் சுழற்சி, விரிப்பின் உராய்வு. தாளில் கணக்கு சரி, தரையில் பந்து விலகுகிறது. “நீ அளந்தது தப்பு”, “நீ ஆணி அடித்தது கோணல்” என்று இருவரும் மல்லுக்கு நிற்பது அப்போதுதான். சும்மா இருந்தே மதிப்பெண் வாங்கும் கூட்டாளியும் (எந்த வகுப்பில்தான் இல்லை?) அங்கே வாய் திறந்தாக வேண்டும். தளத்தில் வைக்கும் காற்றாலைப் பொம்மைக்கும் வண்ணப் பூச்சுக்கும் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்கும் ஆசிரியர்களே, அதில் பாதியையாவது பந்து விலகிய பின் அவர்கள் செய்யும் திருத்தங்களுக்குக் கொடுங்கள்.