ஸ்கோர் எழுத ஆள் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமைகளில் மும்பை ஆசாத் மைதானத்திலும் சிவாஜி பார்க்கிலும் கிரிக்கெட் ஆடப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. சிறு கிளப்புகளில் அம்பயராக நிற்கவும் ஸ்கோர் எழுதவும்தான் ஆளில்லை. மட்டை பிடிக்கும் கட்சியே தன் ஆட்களை அம்பயராக நிறுத்துகிறது. ஒரு எல்.பி.டபிள்யூ. தீர்ப்பு போதும், ஆட்டம் சச்சரவில் முடிய.

ஸ்கோர் எழுதுவது சில்லறை வேலையன்று. 1988இல் இதே ஆசாத் மைதானத்தில் பள்ளி மாணவர்களான டெண்டுல்கரும் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் சேர்த்த 664 ரன் இன்றும் பேசப்படுகிறதென்றால், அதை ஒருவர் பந்துக்குப் பந்து குறித்து வைத்ததால்தான். ஏழை வீட்டுப் பையன் அடிக்கும் 70 ரன்னும் புத்தகத்தில் ஏறினால்தான் தேர்வாளர் கண்ணில் படும்.

விதிப்படி ஸ்கோர் எழுத இருவர் வேண்டும். மட்டையாளர்களின் ரன்னுடன் எக்ஸ்ட்ராவைக் கூட்டினால் மொத்தம் வரவேண்டும். பந்து வீச்சாளர்கள் கொடுத்த ரன்னுடன் பை, லெக் பையைக் கூட்டினாலும் அதே தொகை வரவேண்டும். பேரேட்டில் வரவு செலவைச் சரிக்கட்டும் தமிழ்க் குமாஸ்தாவுக்கு இது புதிய வித்தையா?

அம்பயர் பணியும் தாழ்ந்ததன்று. 57 டெஸ்ட் ஆடிய வெங்கட்ராகவனே, 1993 முதல் 2004 வரை 73 டெஸ்டுகளில் அம்பயராக நின்றார்.

கிளப்புகளுக்கும் கடமையுண்டு. சம்பளமின்றி வருபவரை ஆட்டக்காரர்கள் ஏசுவதை அனுமதிக்கலாகாது. நிழலில் ஒரு நாற்காலி, வேளைக்குத் தேநீர், பஸ் செலவு ஆகியவற்றையாவது தரவேண்டும்.

தாராவி, மாட்டுங்கா தமிழன்பர்கள் மாதம் ஒரு ஞாயிறு முன்வரட்டும். நம் பிள்ளைகளின் உழைப்பு கணக்கில் ஏறும்.