புலிக்குக் காடு, புத்தகக் கடைக்காரனுக்கு?

தோழர்களே,

சென்னை சென்ட்ரலில் புறநகர் இரயிலுக்காகக் காத்து நின்றிருப்பீர்கள். அங்கே, உங்கள் காலடியில் கிடக்கும் மண்ணின் கதையை எண்ணிப் பார்த்ததுண்டா? ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டில் மூன்று கோலம் பூண்ட மண் அது. பூங்காவாக இருந்தது, அங்காடியாயிற்று, பிறகு இரயில் முனையமாகிவிட்டது!

கோலம் மாறியதைக் குற்றம் என்று நான் கூற வரவில்லை. ஊர் வளரும், தேவை மாறும், நேற்றைய வயல் இன்றைய வீதியாகும். கேள்வி அதுவல்ல. மாற்றம் வந்தபோது அந்த மண்ணில் பிழைத்தவனுக்கு என்ன வழி காட்டினர்? அதைத்தான் கேட்கிறோம். அதைக் கேட்டால் மட்டும் ஆட்சிப் பொறுப்பிலிருப்போர் முகம் சுளிக்கின்றனர்!

கதையைச் சுருக்கமாகக் கூறுகிறேன், கேளுங்கள்.

1859-ஆம் ஆண்டு, கவர்னர் டிரெவெல்யன் காலத்தில், 116 ஏக்கர் பரப்பில் ஒரு பூங்கா அமைத்தனர். 'மக்கள் பூங்கா' என்பது அதன் பெயர். பெயரைக் கவனியுங்கள்! அரண்மனைப் பூங்கா அல்ல, மாளிகைப் பூங்கா அல்ல, மக்கள் பூங்கா! குளங்களும் பாதைகளும் அமைந்தன. பின்னர் விலங்குக் காட்சிசாலையும் அங்கே குடியேறிற்று. 1873-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. பிராட்வேயில் இருந்த பழைய சந்தை சீர்கெட்டுப் போனபோது, அதற்கு மாற்றாகப் பூங்காவின் ஒரு பகுதியில் புதிய அங்காடி கட்ட முனைந்தனர். 1898-இல் அடிக்கல், 1900-இல் திறப்பு. நகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் பெயரால் அது 'மூர் மார்க்கெட்' ஆயிற்று.

செங்கல் நிறமும், வளைவு வாயிலும், நடுவே முற்றமும் கொண்ட அந்த அங்காடியை மூத்த தோழர்கள் அறிவர். கிராமபோன் தட்டு கிடைக்கும், கிளி கிடைக்கும், பொம்மை கிடைக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய புத்தகம் கிடைக்கும்! புதுப் புத்தகக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தயங்கிய ஏழை மாணவன், இங்கே தரையில் குந்தியபடி புத்தகத்தைப் புரட்டலாம், விலை பேசலாம், வாங்காமலும் எழுந்து போகலாம். படிப்பு பணக்காரன் வீட்டுப் பண்டம் என்றிருந்த நாட்டில், அறிவைப் பாதி விலைக்கும் கால் விலைக்கும் பங்கிட்டுக் கொடுத்த இடம் அது. பட்டம் வழங்காத பல்கலைக் கழகம் என்று அதனைச் சொன்னால் மிகையாகுமா?

1985, மே 30. தீ! அங்காடி எரிந்தது, கடை எரிந்தது, கடையையே சொத்தாகக் கொண்டிருந்தவனின் வாழ்வும் எரிந்தது.

அந்தத் தீயைப் பற்றி ஊரிலே பலர் பலவிதமாகப் பேசினர். அந்தப் பேச்சை நாம் வாதமாக்க வேண்டியதில்லை. வதந்தியின் துணை தேவைப்படும் அளவுக்கு நம் வழக்கு வலுவற்றதன்று. தீ எப்படி மூண்டது என்பதை விட்டுவிடுவோம். அணைந்த பிறகு நடந்ததைக் கேட்போம்.

அந்த இடத்தில் மீண்டும் அங்காடி எழவில்லை. புறநகர் இரயில் முனையமும், பயணச்சீட்டு முன்பதிவுக்கான அடுக்குமாடிக் கட்டடமும் எழுந்தன. வணிகருக்கு அருகே வேறோர் இடம் கொடுத்தனர். அதன் பெயர் அல்லிக்குளம் வணிக வளாகம். அல்லிக்குளம்! பூங்காவின் நீர்நிலையை நினைவூட்டும் பெயர். குளத்தின் பெயர் கடைக்குப் போயிற்று. கடையின் பெயர் இரயிலடிக்குப் போயிற்று. ஆம், புறநகர் முனையத்துக்கு இரயில்வே வழங்கும் பெயர் இன்றும் 'மூர் மார்க்கெட் வளாகம்' என்பதே! அதுமட்டுமா? எரிந்த அங்காடியின் சிறு உருமாதிரி ஒன்றையும் நினைவுச் சின்னமாக அங்கே அமைத்தனர். அங்காடியின் பெயருக்கு இடமிருந்தது; பொம்மைக்கும் இடமிருந்தது; அங்கே கடை வைத்திருந்தவனுக்கு மட்டும் அந்த மண்ணில் இடமில்லாது போயிற்று!

இன்னொரு காட்சியைக் காட்டுகிறேன். அதே பூங்காவிலே, அதே அங்காடிக்கு அருகிலே, விலங்குக் காட்சிசாலை இருந்தது என்றேனல்லவா? அதற்கும் இடம் போதவில்லை. என்ன செய்தனர்? 1976-இல் வண்டலூர்க் காட்டில் 1,265 ஏக்கர் நிலத்தை ஒதுக்கினர். 1979-இல் வேலையைத் தொடங்கினர். திட்டமிட்டனர், கட்டினர், மரம் வளர்த்தனர். 1985, ஜூலைத் திங்களில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. அங்காடி எரிந்த அதே ஆண்டு! இடையே இரண்டு திங்கள்கூட இல்லை!

விலங்குகளுக்குச் செய்தது தவறா? இல்லை, நூற்றுக்கு நூறு சரி. அதுதான் முறை. முதலில் இடம், பிறகு கட்டடம், அதன் பிறகே குடிபெயர்ப்பு. ஆண்டுக் கணக்கில் எண்ணி, அளந்து, ஆயத்தம் செய்தார்கள். நம் கேள்வி ஒன்றே ஒன்று: புலிக்குக் காட்டிய முன்யோசனையைப் புத்தகக் கடைக்காரனுக்குக் காட்டியிருக்கக் கூடாதா? சிங்கத்துக்குக் காடு தேடத் தெரிந்த ஆட்சிப்பொறிக்கு, சிறு வணிகனுக்குத் தீ மூளும் முன்பே நல்ல கூரை தேடத் தெரியாதா?

"இரயில் வேண்டாமா?" என்று மடக்குவர். வேண்டும், தோழர்களே, கட்டாயம் வேண்டும்! கும்மிடிப்பூண்டியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் நெரிசலில் நசுங்கி வருகிறவன் நம் தொழிலாளி. பூக்கூடையோடு ஏறுகிறவள் நம் தாய். அந்த இரயிலுக்கு நாம் பகைவரல்லர். ஓர் ஏழைக்கு இரயில் தரவேண்டுமானால் இன்னோர் ஏழையின் கடையைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கை மட்டுமே எதிர்க்கிறோம். இரயிலையும் கொடு, கடையையும் கொடு என்கிறோம்.

வேறு சிலர் இருக்கிறார்கள். "எத்தகைய கட்டடக் கலை! எத்தகைய வளைவு!" என்று செங்கல்லுக்குக் கண்ணீர் வடிப்பவர்கள். நல்ல நோக்கந்தான், ஆனால் பாதி நோக்கம். இலண்டனைப் பாருங்கள். கோவென்ட் கார்டன் அங்காடியிலிருந்து காய்கனி வணிகத்தை 1974-இல் தேம்ஸ் ஆற்றின் தென்புறத்துக்கு மாற்றினர். சுற்றுப்புறத்தை இடிக்கத் திட்டமிட்டபோது அங்கு வாழ்ந்த மக்கள் போராடித் தடுத்தனர். 1980-இல் பழைய அங்காடிக் கட்டடம் புதுக் கடைகளோடு திறக்கப்பட்டது. காய்கனி வணிகனுக்கு மாற்றிடம் முன்னரே எழுந்தது, கட்டடமும் தப்பியது. ஆயினும் இன்று அங்கே உலவுவோர் பெரிதும் உல்லாசப் பயணிகள். சுவரைக் காப்பது ஒரு வேலை. அந்தச் சுவருக்குள் யாருக்கு இடம் என்பதைக் காப்பது மற்றொரு வேலை. இரண்டாவதை மறந்தால், முதலாவது செல்வர்களின் பொழுதுபோக்காகிவிடும்.

சென்ட்ரல் எதிரே நின்று சுற்றிப் பாருங்கள். ஆட்சி நடத்துவோருக்கு 1913-இல் எழுந்த ரிப்பன் கட்டடம் நிற்கிறது. கனவான்கள் கூடிய விக்டோரியா மண்டபம் நிற்கிறது. எளியவன் நுழைந்து பேரம் பேசிய மூர் மார்க்கெட் மட்டும் இல்லை. மூன்றும் ஒரே வட்டாரத்துக் கட்டடங்கள். எது போயிற்று, எவை நின்றன என்பதே ஒரு பாடமன்றோ?

முன்கூட்டியே செய்ய முடியாத காரியமா இது? இதே சென்னையில் செய்து காட்டியிருக்கிறார்கள். கொத்தவால் சாவடியின் மொத்த வணிகத்தை 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றினர். அங்கே கடைகளைக் கட்டி முடித்து, அதன் பின்னரே மாற்றினர். அப்போதும் நாம் கேட்கவேண்டிய கேள்வி உண்டு: மண்டி முதலாளிக்குக் கடை எண் கிடைத்தது, மூட்டை சுமந்தவனுக்கு என்ன கிடைத்தது? ஆனால், மனம் வைத்தால் முதலில் கட்டி, பிறகு மாற்ற முடியும் என்பதற்குக் கோயம்பேடு சான்று.

இன்று நம் கையில் ஒரு கருவியும் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம்! வணிகரைக் கணக்கெடுத்து, சான்று வழங்கும் வரையில் எவரையும் அப்புறப்படுத்தலாகாது என்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் கணக்கெடு என்கிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வணிகர்களே இருக்கவேண்டும், அவர்களைத் தேர்ந்தெடுப்போரும் வணிகர்களாகவே இருக்கவேண்டும், அவர்களில் மூன்றிலொருவர் பெண்ணாக இருக்கவேண்டும் என்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் தெரு வணிகர் கூடி வணிகம் செய்த இயற்கைச் சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளோரை இடம் மாற்றக்கூடாது என்கிறது அதன் அட்டவணை!

இந்தச் சட்டம் தெருவில் விற்பவனுக்கு. மாநகராட்சிக் கட்டடத்தில் உரிமம் பெற்றுக் கடை நடத்துபவனுக்கு இதே காப்பு இல்லை. மூர் மார்க்கெட் வணிகனின் நிலை அதுதான். அவனுக்கும் அதே நெறி வேண்டும்: மாற்றிடம் கட்டி முடியும் வரை கடையைத் தொடாதே, மாற்றிடம் எங்கே என்பதை அவனைக் கேட்டு முடிவு செய், பழைய இடத்தில் எழும் புதுக் கட்டடத்திலும் அவனுக்குப் பங்கு கொடு. இந்த மூன்றையும் மாநகராட்சி மன்றங்களில் தீர்மானமாக்கச் சொல்வோம்.

தோழர்களே, உங்கள் வட்டத்தில் பழைய சந்தை ஒன்று இருக்கும். இடிக்கவேண்டும், அடுக்குமாடி எழுப்பவேண்டும், வண்டி நிறுத்தவேண்டும் என்ற பேச்சு இன்றோ நாளையோ வரும். வரும்வரை காத்திராதீர்கள். இந்த வாரமே அங்கே செல்லுங்கள். யார் யார் கடை வைத்திருக்கிறார்கள், எத்தனை ஆண்டாக, என்ன சான்று கையில் இருக்கிறது என்று கடை கடையாகக் கேட்டு எழுதுங்கள். விற்பனைக் குழு கூடுகிறதா, அதில் அமர்ந்திருப்பவர் உண்மையில் வணிகர்தானா என்று விசாரியுங்கள். பட்டியல் நம் கையில் இருந்தால், நாளை எவரும் "அங்கே யாரும் இல்லை" என்று கூறிவிட முடியாது.

இடம் மாறட்டும், தடுக்க மாட்டோம். ஆனால் மாற்றத்தின் செலவை எப்போதும் எளியவன் தலையிலேயே எழுதும் கணக்கை மாற்றுவோம். மக்கள் பூங்கா என்று பெயர் வைத்த மண்ணில், மக்களுக்கு ஒரு பொம்மையை மட்டும் மிச்சம் வைத்தார்கள். இனியோர் அங்காடி அப்படிப் பொம்மையாக விடலாமா?

விடமாட்டோம் என்று உறுதி கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தோடு சந்தைக்குப் புறப்படுங்கள்!