தவளையின் குருதியும் மருந்தின் அளவும்

மாரி தொடங்கியதும் வயற்கரையில் எழும் தவளைச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இன்று பல நாடுகளில் அச்சத்தம் அடங்கி வருகின்றது. தோலைத் தாக்கும் கைற்றிட் என்னும் பங்கசு இதற்கு ஒரு பெருங்காரணம். இந்நோயால் 501 ஈரூடகவாழி இனங்கள் குறைந்துள்ளன என்றும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்திருக்கலாம் என்றும் 2019 இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. நோர்வேயில் இப்பங்கசு முதன்முறையாக 2017 இல் கண்டறியப்பட்டது.

தவளை தன் தோலினூடாகவே நீரையும் உப்புக்களையும் உள்ளெடுக்கின்றது. அத்தோல் கெட்டுவிட்டால் குருதியில் சோடியமும் பொற்றாசியமும் குறைந்து, ஈற்றில் இதயம் நின்றுவிடும்.

மனிதருக்கு வழங்கப்படும் இற்றாகொனசோல் என்னும் மருந்தே தவளைக்கும் உதவுகின்றது. அதன் ஐதான கரைசலில் நாள்தோறும் ஐந்து நிமிடம் தவளையை விடுவர். முன்னர் 0.01 சதவீதக் கரைசலே வழக்கம். வாற்பேய்கள் சில நிறம் வெளிறியதும் வேறு தீங்குகளும் காணப்பட்டபின், 0.0025 சதவீதமே போதுமென 2012 இல் வெளியான பரிசோதனைகள் காட்டின. குளோரம்பெனிக்கோலும் தவளைகளில் பயன்பட்டுள்ளது. அம்மருந்து மனிதரில் அரிதாக என்புமச்சையைத் தாக்கிக் குருதிக் கலங்கள் உருவாவதைத் தடுப்பதுண்டு. ஆகவே நோய் தீர்ந்ததா என்று பார்ப்பதோடு, குருதி எப்படி இருக்கின்றது என்றும் பார்க்கவேண்டியுள்ளது.

அது எளிதன்று. நமது செங்குழியத்தில் கரு இல்லை. தவளையின் நீள்வட்டச் செங்குழியத்தில் கரு உண்டு. மனிதக் குருதிக்கென அமைந்த எண்ணும் இயந்திரம் இங்கே தடுமாறும். நுணுக்குக்காட்டியில் கண்ணால் எண்ணவேண்டும். மேலும், கையில் பிடித்த கலவரத்தினாலேயே வெண்குழியங்களின் விகிதம் மாறிவிடும். ஆதலால் மருந்தில்லாத நீரில் அவ்வாறே பிடித்துவிட்ட தவளைகளோடு ஒப்பிட்ட பின்னரே மருந்தின்மேல் குற்றஞ்சாட்டலாம்.

கூண்டிலுள்ள தவளைக்கு மருந்து அளந்து கொடுக்கலாம். காட்டுக் குளத்திற்கு அது பெரும்பாலும் இயலாது. ஆகவே வருமுன் காப்பதே வழி. வசந்தத்தில் பிள்ளைகள் குளக்கரைக்குச் செல்லும்போது, ஒரு குளத்து வாற்பேயை இன்னொரு குளத்தில் விடவேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். சப்பாத்தைக் கழுவி நன்றாக உலர விடுங்கள். உலர்ந்தால் இப்பங்கசு சாகும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். ஒருவருக்கு எழுதிய பங்கசு மாத்திரையை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். தவளைக்கே அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்து அது.