ரிமோட்டும் கருவியின் உறுப்புதான்

டிவியில் செருகி ஓடிடி பார்க்கும் ஸ்டிக் கருவிகள் சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டன. அப்படியொரு கருவி பயனற்றுப்போக அது பழுதாக வேண்டியதில்லை. ரிமோட் தொலைந்தாலே போதும். பரவலாகப் புழங்கும் ஃபயர் டிவி ஸ்டிக்கையே எடுத்துக்கொள்வோம். அதன் உடலில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. முதல்முறை இயக்குவது, படத்தைத் தேர்ந்தெடுப்பது, வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவது என எல்லாவற்றுக்கும் ரிமோட்டையே நம்பியிருக்கிறது. பேட்டரி கசிந்து ரிமோட் கெட்டாலோ, வீடு மாறும்போது காணாமல்போனாலோ, நல்ல நிலையில் உள்ள கருவி முடங்கிவிடுகிறது. ரிமோட்டை வெறும் துணைப் பொருளாகப் பார்ப்பதால் வரும் விளைவு இது. அது கருவியின் உறுப்பு. நம் நாட்டில் உருவாகிவரும் பழுதுபார்க்கும் உரிமை விதிகளும் அதை உறுப்பாகவே கருத வேண்டும்.

பழைய டிவி, கேபிள் செட்-டாப் பாக்ஸ் ரிமோட்டுகள் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியில் இயங்குபவை. பொத்தானை அழுத்தினால், வழக்கமாக நொடிக்கு 38,000 முறை துடிக்கும் ஒளியில் ஒரு குறியீடு போகும். அனுப்பியது எந்த ரிமோட் என்று பெட்டி பார்ப்பதில்லை. குறியீடு சரியாக இருந்தால் கட்டுப்படும். அதனால் அந்தக் குறியீட்டைப் படித்து யார் வேண்டுமானாலும் மாற்று ரிமோட் செய்யலாம். சென்னை ரிச்சி தெருவில் மட்டுமன்றி, சிற்றூர்க் கடைகளிலும் டூப்ளிகேட் ரிமோட் எளிதாகக் கிடைப்பது இதனால்தான். ஸ்டிக்கின் ரிமோட் வேறு வகை. டிவியை அணைக்கவும் ஒலியைக் கூட்டவும் அகச்சிவப்பைப் பயன்படுத்தும் அது, ஸ்டிக்கோடு பேசுவது ப்ளூடூத்தில். டிவிக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஸ்டிக்கை இயக்கவும், குரலால் தேடவும் இது உதவுகிறது, முன்னேற்றம்தான். ஆனால், ப்ளூடூத்தில் ரிமோட்டும் கருவியும் முதலில் ஒன்றோடொன்று இணைந்தாக வேண்டும். எந்த ரிமோட் எந்தத் தலைமுறைக் கருவியோடு இணையும் என்பது தயாரிப்பாளரின் கையில் இருக்கிறது. பிந்தைய குரல் ரிமோட்டுகள் சில, முதல் தலைமுறைக் கருவிகளோடு சேர்வதில்லை. சந்தையில் கிடைக்கும் மாற்று ரிமோட் இணையுமா, குரல் தேடல் வேலை செய்யுமா என்பது பலருக்கு வாங்கிய பிறகே தெரிகிறது.

கைபேசிச் செயலியே ரிமோட்டாக வேலை செய்யும்போது இதற்கெல்லாம் விதி எதற்கு என்று கேட்கலாம். செயலி உண்மையில் நல்ல உதவி; ரிமோட் தொலைந்தவர்கள் முதலில் அதைத்தான் முயன்று பார்க்க வேண்டும். ஆனால், கைபேசியும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் அது இயங்கும். ரவுட்டரையோ கடவுச்சொல்லையோ மாற்றியிருந்தால் ஸ்டிக் புதிய இணைப்புக்குள் வர முடியாது. வர வைக்க ரிமோட் வேண்டும். பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டுக்குக் கொடுத்து, இன்னொரு கைபேசியில் செயலியைத் திறந்து சமாளிக்கலாம். அதற்கு இரண்டு கைபேசிகளும் ஓரளவு தொழில்நுட்ப அறிவும் வேண்டும். பகலில் வீட்டில் தனியாக இருக்கும் முதியவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமல்ல. டிவியின் சொந்த ரிமோட்டைக் கொண்டே ஸ்டிக்கை இயக்கும் வசதியும் உண்டு. எச்டிஎம்ஐ தரத்தில் அது கட்டாயமில்லாத அம்சம். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் அமைப்புகளுக்குள் அது கிடக்கிறது. தெரிந்தவர்களுக்குக் கைகொடுக்கும் இத்தகைய மாற்று வழிகளை நுகர்வோரின் உரிமைக்கு ஈடாகக் கொள்ள முடியாது.

சட்டம் இவ்வளவு சிறிய பொருளில் தலையிடலாமா என்ற தயக்கத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் பதில் தந்திருக்கிறது. 2021 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள அதன் 2019/2021 ஒழுங்குமுறை, டிவி உள்ளிட்ட திரைகளின் ரிமோட்டை உதிரி பாகமாகவே பட்டியலிடுகிறது. ஒரு மாடலின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 ஆண்டுகள் ரிமோட் கிடைக்க வேண்டும். அதுவும் பழுதுபார்ப்பவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும். ஸ்டிக் கருவிகளுக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும், அதன் அடிப்படை நியாயம் இவற்றுக்கும் உரியதே. இந்தியாவும் இந்தத் திசையில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. கைபேசிகளும் வீட்டு உபயோகப் பொருள்களும் எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கத்தக்கவை என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீட்டுக்கான குழுவின் அறிக்கையும் 2025-ல் அரசிடம் தரப்பட்டிருக்கிறது. அந்த மதிப்பீட்டில் ஸ்டிக் கருவிகளும், அவற்றின் ரிமோட் கிடைக்கும் காலமும் இடம்பெற வேண்டும்.

பாதுகாப்பைக் காரணம் காட்டுவோர் உண்டு. எந்த ரிமோட்டும் இணையலாம் என்றால் பக்கத்து வீட்டுக்காரரும் நம் திரையைக் கட்டுப்படுத்தலாமே என்பது அவர்களின் கவலை. கருவியிலேயே இணைப்புப் பொத்தான் ஒன்றை வைத்தால் இந்தக் கவலைக்கு இடமில்லை. வீட்டுக்குள் வந்து அதை அழுத்துபவர் மட்டுமே புதிய ரிமோட்டை இணைக்க முடியும். வைஃபை ரவுட்டர்கள் பலவற்றில் இத்தகைய பொத்தான் நெடுங்காலமாக உண்டு. செலவும் இடமும் தடை என்ற வாதமும் நிற்காது. கூகுள் 2020-ல் வெளியிட்ட குரோம்காஸ்ட் கருவியின் பின்புறத்தில், அதைத் தொடக்க நிலைக்கு மீட்டமைக்க ஒரு சிறு பொத்தான் இருந்தது. ஸ்டிக்கே மலிவானதுதான், புதிதாக வாங்கிவிடலாமே என்பது இன்னொரு வாதம். புதிய ரிமோட்டின் விலையோடு ஒப்பிட்டு வாடிக்கையாளர் அந்த முடிவுக்குத் தள்ளப்படுவதுதான் சிக்கலே. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைக்கின்றன. ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் கருவியைக் குப்பைக்கு அனுப்பாமல் இருப்பது எந்த மறுசுழற்சியையும்விட மேலானது.

கேட்கப்படுவது மூன்றுதான். கருவியின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு அதற்கான ரிமோட் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். எந்த மாடலுக்கு எந்த ரிமோட் என்பது கருவியின் அட்டைப்பெட்டியிலும் ரிமோட்டின் உறையிலும் தெளிவாக அச்சிடப்பட வேண்டும். ரிமோட் இல்லாமலேயே புதிய ரிமோட்டை இணைக்கவும் வைஃபையை மாற்றவும் கருவியிலேயே ஒரு வழி இருக்க வேண்டும். கைபேசி சார்ஜர்களுக்குப் பொதுத் தரத்தை வலியுறுத்த முடிந்த அரசுக்கு இவை கடினமானவை அல்ல. காசு கொடுத்து வாங்கிய கருவி ஒழுங்காக இயங்கும்வரை அதைப் பயன்படுத்தும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஒரு ரிமோட் தொலைந்ததற்காக அந்த உரிமையும் தொலையக் கூடாது.