பூனைக்கும் பொழுது போக வேண்டும்

வட்டக்கோட்டைக்கு வருகிறவர்கள் டிலனாய் பலப்படுத்திய கருங்கல் மதிலையும் அப்பால் கடலையும் கண்டு களித்துத் திரும்புகிறார்கள். அவர்களுடைய மோட்டார் வண்டிகளில் ஒன்றுதான் சாலையோரத்துப் பூனைக்குட்டி ஒன்றை நசுக்கிவிட்டுப் போயிற்று. மிஞ்சிய குட்டியை என் பெண் மடியில் கட்டிக் கொண்டு வந்தாள். இனி அது வாசற்படி தாண்டக் கூடாதென்று வீட்டில் சட்டம் போட்டோம்.

உயிர் தப்பியது; ஆனால் பொழுது போகவில்லை. முதலில் ஜன்னல் திரையைக் கிழித்தது. அப்புறம் அதையும் விட்டுவிட்டு, மூலையில் சுருண்டு, ஓயாமல் நக்கி நக்கியே வயிற்றில் ஒரு சொட்டையை உண்டாக்கிக் கொண்டது. கால்நடை வைத்தியர் பார்த்து, தோலில் வியாதி ஒன்றுமில்லை என்றார். இருபது வருஷமாக வகுப்பில் நிற்கிறவனுக்கு அந்த முகம் தெரியாதா? கடைசிப் பெஞ்சுப் பையன் துஷ்டத்தனம் செய்கிறவரை பயமில்லை. அதையும் நிறுத்திவிட்டால்தான் பயம்.

சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷங்களுக்கு முன் ஒரு மனிதனருகே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அத்தனை காலம் நம்முடன் பழகியும் பூனை வேட்டையை மறக்கவில்லை. பதுங்குவதும் பாய்வதும் பிடிப்பதும் அதற்கு நாளில் பல தடவை நடக்க வேண்டிய காரியங்கள். நாமோ கிண்ணத்தில் சோற்றை வைத்துவிட்டு, "தின்று தூங்கு" என்கிறோம்!

ஆகையால் வேட்டையை வீட்டுக்குள் கொண்டு வந்தேன். வெந்த மீன் துணுக்குகளைச் சிரட்டைகளுக்கடியில் ஒளித்து வைத்தேன். நாற்காலிக் காலில் தேங்காய்நார்க் கயிற்றை இறுகச் சுற்றினேன். பிறாண்ட அதைவிட உகந்தது வேறில்லை. விடியலிலும் அந்தியிலும், குச்சி நுனியில் கட்டிய பனையோலையைத் தரையில் இழுத்தாட்டுவாள் என் பெண். கடைசியில் அதைப் பிடிக்க விட்டு, உடனே ஆகாரமும் தரவேண்டும். வெறுங்கையோடு திரும்பும் வேட்டையில் யாருக்குத்தான் திருப்தி? ஆட்டம் முடிந்ததும் கயிற்றுத் துண்டை எடுத்து ஒளித்துவிடுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கிப் பிராணாபாயம்.

கொல்லைக் களையான குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு. அதன் வேரை முன்னே போட்டதும் எங்கள் பூனை முகர்ந்து, கன்னம் தேய்த்து, நாலு காலும் மேலே போகப் புரண்டது! மேல்நாட்டார் இதற்கென்று கேட்னிப் என்னும் உலர்ந்த தழையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதிலுள்ள சரக்குக்கு நெருங்கிய உறவான வஸ்துக்களைக் குப்பைமேனி வேரிலும் கண்டறிந்ததாக 2016-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எழுதினார்கள். நம் பாட்டிமார் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். வாந்தி உண்டாக்கும் மூலிகையானபடியால் தின்ன மட்டும் விடலாகாது. சற்று நேரத்தில் எடுத்துவிடுகிறோம்.

இப்பொழுது சொட்டையில் ரோமம் முளைத்திருக்கிறது. ஜன்னல் திரையும் மறுபடி கிழிய ஆரம்பித்திருக்கிறது.