எட்டாம் மாதத்தின் மேல் வீண் பழி

ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று இன்னும் எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்போம்? பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் இடுக்கியின் மூணாறு, பீர்மேடு எஸ்டேட் லயங்களிலும் தமிழ்க் குடும்பங்களோடு இந்த நம்பிக்கையும் குடியிருக்கிறது. கர்ப்பிணியின் பிரஷர் 160/110ஐத் தொட்டு, சிறுநீரில் புரதம் இறங்கி, தலைவலியும் கண்மங்கலும் வந்தபின் பிரசவம் பார்த்துவிடலாம் என்கிறார் டாக்டர். “எட்டு நடக்குதுங்க, ஒம்பது பொறக்கட்டும்” என்று கையெழுத்துப் போட மறுக்கிறார்கள் பெரியவர்கள். இந்தத் தயக்கம் உயிரைக் குடிக்கும்.

பிள்ளையின் நுரையீரல் வாரத்துக்கு வாரம் முதிர்கிறது. 34 வாரப் பிள்ளைக்கு 30 வாரப் பிள்ளையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு எல்லா ஊரிலும் கூடுதல்தான். ஆனால் எட்டாம் மாதத்தில் ஓஜஸ் எனும் உயிர்ச்சாரம் நிலைகொள்ளாது என்று சரக சம்ஹிதை சொன்னது. பழைய கிரேக்க வைத்தியரும் அந்த மாதத்துக்கு அஞ்சினார்கள். அவர்கள் காலத்தில் பிரஷர் பார்க்கக் கருவி இல்லை. எட்டாம் மாதத்தில் பிரசவம் நேர்ந்த தாய்மாரில் பலர் ஏற்கெனவே நோயாளிகளாக இருந்திருப்பார்கள். நோய் செய்த கொலையை மாதத்தின் தலையில் கட்டிவிட்டோம்.

கர்ப்பகாலத்தில் பிரஷரை ஏற்றும் இந்த நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்கள் தொடக்கத்திலேயே சரியாக விரியாததால், ரத்தம் போதாத நஞ்சுக்கொடி தாயின் உடலெங்கும் குழாய்களைக் கெடுக்கும் பொருள்களை விடுகிறது. சிறுநீரகம், ஈரல், மூளை எல்லாம் அடிபடுகின்றன. மாத்திரை பிரஷரைக் குறைக்கும். மெக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பைத் தடுக்கும். பிள்ளையும் நஞ்சும் வெளியேறினால்தான் நோய் இறங்கத் தொடங்கும்.

அதற்காக எல்லோருக்கும் உடனே பிரசவம் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. 34 வாரத்துக்கு முன்பு, தாயும் பிள்ளையும் தாங்கும் நிலையில் இருந்தால், நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக் காக்கிறார்கள். வலிப்பு வந்தாலோ, ஈரல் கெட்டு ரத்தத் தட்டணுக்கள் சரிந்தாலோ தாயின் நிலையைச் சீராக்கிப் பிரசவத்துக்குப் போகிறார்கள். இந்தியாவிலும் ஜாம்பியாவிலும் நடந்து 2023இல் வெளியான கிரேடில்-4 ஆய்வு, 34 முதல் 37 வாரத்துக்குள் திட்டமிட்டுப் பிரசவம் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கேடு கூடுவதில்லை, வயிற்றிலேயே இறப்பது குறைகிறது என்று காட்டியது.

முன்கூட்டி என்றாலே வயிற்றைக் கிழிப்பார்கள் என்பதும் பயத்தின் பேச்சு. நெதர்லாந்தில் 36 வாரம் கடந்து, நோய் கடுமையாகாத 756 பெண்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வந்தது. மருந்து கொடுத்து வலி வரவழைத்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கும், காத்திருந்தவர்களில் 19 பேருக்கும் சிசேரியன் நடந்தது. நோய் கடுமையானாலும் கர்ப்பப்பை வாய் இணங்கி, பிள்ளையின் இதயத்துடிப்பு சீராக இருந்தால் சுகப்பிரசவத்துக்கு இடமுண்டு. மிகவும் முன்கூட்டிய வாரங்களில் சிசேரியன் கூடுவது உண்மை. தட்டணுக்கள் சரியும்வரை காத்திருந்தாலோ அந்த அறுவையும் ஆபத்தாகிறது.

மலைநாட்டில் காத்திருப்பின் விலை இன்னும் அதிகம். அட்டப்பாடியில் நிலைமை முற்றினால் சுரமிறங்கி மண்ணார்க்காடு வழியாகவோ, ஆனைகட்டி வழியாகக் கோவைக்கோ போக வேண்டும். வட்டவடையிலும் இடமலைக்குடியிலும் நள்ளிரவில் வலிப்பு வந்தால் யார் எப்படித் தூக்கிப்போவது? வளைகாப்பு முடிந்து தமிழ்நாட்டில் போடிக்கோ உடுமலைக்கோ தாய்வீடு போகும் பெண்ணின் பரிசோதனை அட்டையும் பிரஷர் கணக்கும் பல நேரம் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன.

2018–20இல் உயிருடன் பிறக்கும் லட்சம் பிள்ளைகளுக்கு 19 தாய்மரணம் என்று, நாட்டிலேயே குறைந்த கணக்கைக் கேரளம் காட்டியது. நாட்டின் சராசரி 97. நேரத்தோடு எடுத்த முடிவுகளுக்கும் அதில் பங்குண்டு. அந்தப் பாதுகாப்பு எஸ்டேட் லயத்துப் பெண்ணுக்கும் மலை ஊர்ப் பெண்ணுக்கும் உரியது. டாக்டர்கள் காரணத்தைத் தமிழில் பொறுமையாக விளக்க வேண்டும். பெரியவர்கள் எத்தனையாவது மாதம் என்று எண்ணுவதை விட்டு, பிரஷர் எவ்வளவு, தட்டணு எவ்வளவு, பிள்ளைக்கு எத்தனை வாரம் என்று கேட்டு, அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும்.